மிச்சிலிமாக்கினா: தோலை விடச் சோளம் முக்கியமாக இருந்த வணிகக் கோட்டை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய ரோமத்தோல் வணிக நிலையங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். பிரெஞ்சுக் காலனி வரலாறு என்றாலே புதுச்சேரியோடு நின்றுவிடும் நம் பத்திரிகைகளில் இப்படியொரு பொருளுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம். ஆனால் மிச்சிலிமாக்கினா கோட்டையைப் பற்றிய பகுதியில் தகவல்கள் பல இடங்களில் தடம் மாறியிருக்கின்றன. "பிரெஞ்சு வீரர்கள் காட்டில் பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கை வேட்டையாடினார்கள்; எஞ்சியதைப் பாசிமணியும் சாராயமும் கொடுத்து வாங்கினார்கள்; 1763-இல் பழங்குடியினர் வஞ்சகமாகக் கோட்டையைப் பிடித்ததும் கதை முடிந்தது" என்ற சித்திரம்தான் வாசகர் மனதில் நிற்கும். இதில் எந்த வாக்கியமும் அப்படியே உண்மையல்ல.

முதலில் படம். கட்டுரையோடு அச்சான வெண்ணிறக் கற்கோட்டை மாக்கினா தீவில் இருப்பது. அது அமெரிக்கப் புரட்சியின் நடுவில், 1780-ஐ ஒட்டி ஆங்கிலேயர் கட்டத் தொடங்கியது. பிரெஞ்சுக்காரர்களுக்கும் அந்தக் கல்லுக்கும் தொடர்பில்லை. ஹியூரான் ஏரியும் மிச்சிகன் ஏரியும் கலக்கும் நீரிணையில் மூன்று வெவ்வேறு இடங்களில் மூன்று காலங்களில் நிலையங்கள் இருந்தன. வடகரையில் 1671-இல் பாதிரியார் மார்க்கெத் சேன்ட் இக்னஸ் மறைப்பணி நிலையத்தை அமைத்தார். அதையொட்டி 1690 வாக்கில் புவாட் கோட்டை எழுந்தது. பின்னாளில் டெட்ராய்ட்டை நிறுவிய காடியாக் இங்கேதான் தளபதியாக இருந்தார். தென்கரையில், இன்றைய மாக்கினா சிட்டி இருக்கும் மணல்மேட்டில், 1715 வாக்கில் எழுந்ததுதான் பிரெஞ்சு மிச்சிலிமாக்கினா. தீவுக்கு நிலையம் மாறியது 1781-இல். கட்டுரை மூன்றையும் ஒன்றாக்கிவிட்டது.

தென்கரைக் கோட்டையில் அரண் என்று சொல்லத்தக்க கல்லே கிடையாது. செடார் மரக் கம்பங்களைப் பள்ளம் தோண்டி நெருக்கமாக நட்டு எழுப்பிய வேலி. உள்ளே வரிசை வீடுகள். ஏரிப் பக்கம் ஒரு வாயில், நிலப் பக்கம் ஒரு வாயில். வீடுகளும் அதே முறையில்தான்: கம்பங்களை மண்ணில் நட்டு, இடுக்குகளைக் களிமண்ணால் அடைத்து, மேலே மரப்பட்டை வேய்வார்கள். வேகமாகக் கட்டிவிடலாம் என்பது இதன் வசதி. ஈர மணலில் புதைந்த அடிப்பகுதி உளுத்துப்போகும் என்பது இதன் தொல்லை. செடார் மற்ற மரங்களைவிடத் தாங்கும், ஆனாலும் மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த ஒரு சாண் உயரத்தில்தான் எந்தக் கம்பமும் முதலில் இற்றுப்போகும். அதனால் வேலியை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. மாற்றும்போதெல்லாம் கோட்டையைச் சற்று அகலப்படுத்தியும் கொண்டார்கள். இன்று அங்கே தோண்டுபவர்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வேலிப் பள்ளங்களைக் காண்பதற்குக் காரணம் இதுதான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அந்த இடத்தில் ஏன் ஒரு நிலையம்? ஹியூரான், மிச்சிகன், சுப்பீரியர் ஆகிய மூன்று பேரேரிகளுக்கும் போகும் வழிகள் கூடும் சந்தி அது என்று கட்டுரை சொல்வது சரி. ஆனால் சந்தி என்பதால் மட்டும் நூறாண்டு நிலைத்துவிடாது. மிச்சிலிமாக்கினாவை நிலைநிறுத்தியது ஒரு சாப்பாட்டுக் கணக்கு.

மாண்ட்ரியாலுக்கு மேலே உள்ள லஷீனில் மே மாதம் பனிக்கட்டி உருகியதும் ஓடங்கள் புறப்படும். ஒட்டாவா ஆற்றில் ஏறி, மத்தாவா ஆற்றுக்குத் திரும்பி, நிப்பிசிங் ஏரியைக் கடந்து, பிரெஞ்சு ஆற்றில் இறங்கி, ஜார்ஜியன் விரிகுடாவின் கரையோரமாக மேற்கே போக வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான வழி. அருவியும் பாறையும் குறுக்கிடும் சுமார் 36 இடங்களில் ஓடத்தையும் சரக்கையும் இறக்கித் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஐந்து ஆறு வாரம் ஆகும். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த வழியில் சென்ற பெரிய ஓடம் பத்து மீட்டருக்குச் சற்று அதிக நீளம். ஏறத்தாழ மூன்று டன் தாங்கும். சரக்கெல்லாம் சுமார் 40 கிலோ எடையுள்ள பொதிகளாகக் கட்டப்படும். நெற்றியில் மாட்டிய தோல்பட்டையில் தொங்கவிட்டு ஒரு ஆள் ஒரு நடைக்கு இரண்டு பொதி சுமப்பார். அதனால்தான் அந்த எடை.

இப்போது ஆட்களின் சாப்பாடு. 1761-இல் அங்கு போய்ச் சேர்ந்த ஆங்கில வணிகர் அலெக்சாண்டர் ஹென்றி குறித்து வைத்த அளவு இது: தோல் நீக்கிய மக்காச்சோளம் ஒரு புஷல், கொழுப்பு இரண்டு பவுண்டு, இவ்வளவும் ஒரு ஆளுக்கு ஒரு மாதத்துக்கு. புஷல் என்பது சுமார் 35 லிட்டர். சோளத்தில் ஏறக்குறைய 25 கிலோ. ஆறு வாரப் பயணத்துக்கு ஆளுக்கு ஒன்றரை புஷல், அதாவது ஒரு பொதி. ஏழு பேர் துடுப்புப் போடும் ஓடத்தில் ஏழு பொதி சாப்பாட்டுக்கே போய்விடும். அது தாங்கும். ஆனால் அந்த ஏழு பேரும் நீரிணையைத் தாண்டி சுப்பீரியர் ஏரிக்கோ மிசிசிப்பிப் பக்கமோ போய்க் குளிர்காலம் முழுக்கத் தங்கி வணிகம் செய்துவிட்டு வர வேண்டும் என்றால்? பன்னிரண்டு மாதத்துக்கு 84 புஷல், இரண்டு டன்னுக்கும் மேல். ஓடத்தில் துணிக்கும் துப்பாக்கிக்கும் இடமே மிஞ்சாது. மீனும் வேட்டையும் காட்டரிசியும் கைகொடுக்கும் என்பது உண்மை. ஆனால் அவற்றை நம்பி ஒரு வணிகர் கடன் பத்திரத்தில் கையெழுத்திட மாட்டார். ஆகவே வழியில், பாதித் தூரத்தில், ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான புஷல் சோளம் தயாராகக் கிடைக்கும் ஓர் இடம் இருந்தே ஆக வேண்டும். அந்த இடம்தான் மிச்சிலிமாக்கினா.

அந்தச் சோளத்தை விளைவித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் அல்ல. கோட்டை நின்ற மணலில் வீட்டுத் தோட்டத்துக்கு மேல் எதுவும் வராது. விளைவித்தவர்கள் ஒடாவா என்ற பழங்குடி மக்கள். குறிப்பாக ஒடாவாப் பெண்கள். நிலமும் விதையும் அறுவடையும் அவர்கள் பொறுப்பில் இருந்தன. யாருக்கு, எவ்வளவு, எதற்கு ஈடாக என்று பேசி விற்றதிலும் அவர்கள் கை இருந்தது. இவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் எங்கள் முதன்மையான குறை.

சோளத்தைப் பக்குவப்படுத்தும் முறையைச் சொன்னால் இதன் மதிப்பு விளங்கும். முற்றிய மணிகளைக் கடின மரச் சாம்பல் கரைத்த காரநீரில் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். மேல்தோல் நெகிழ்ந்து, விரலால் நசுக்கினால் கழன்று வரும் பதத்தில் இறக்கி, பல தண்ணீரில் அலசி, தோலைத் தேய்த்து நீக்கி, நன்றாகக் காயவைப்பார்கள். சாம்பல் அதிகமானால் மணி குழைந்து சவர்க்கார வாடை அடிக்கும். அலசல் போதாவிட்டால் கசக்கும். காய்ச்சல் போதாவிட்டால் பைக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும்; ஒரு பை கெட்டால் ஓர் ஆளின் ஒன்றரை மாதச் சாப்பாடு போச்சு. சரியாகச் செய்ததை ஒரு குவார்ட், அதாவது ஒரு லிட்டர் அளவு, நான்கு லிட்டர் தண்ணீரில் மிதமான தீயில் இரண்டு மணி நேரம் வேகவைத்து, இடையில் சிறிது கொழுப்பைச் சேர்த்தால் கெட்டியான கஞ்சியாகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு அதுதான். ரொட்டி கிடையாது, உப்புகூடக் கிடையாது. சாம்பல் நீர் தோலை நீக்குவதோடு நிற்பதில்லை. சோளத்தில் பிணைந்திருக்கும் நியாசின் சத்தை உடல் எடுத்துக்கொள்ளும்படி விடுவிக்கிறது. ஐரோப்பாவில் இந்தப் பக்குவம் தெரியாமல் சோளத்தையே முக்கிய உணவாக்கிக்கொண்ட ஏழை உழவர்கள் பெலாக்ரா நோயில் விழுந்தார்கள்.

இந்தச் சார்பு எவ்வளவு கனமானது என்பதற்கு 1741-42 நிகழ்வு ஒன்றே போதும். கோட்டையருகே இருந்த வயல்கள் சத்திழந்து போனதால் வேறு நிலம் தேடிப் புறப்படப் போவதாக ஒடாவாக்கள் அறிவித்தார்கள். பிரெஞ்சுக் கனடாவின் ஆளுநர் பொஆர்னுவாவின் நிர்வாகம் பதறியது. மிச்சிகன் ஏரியோரம் அவர்கள் வெகுதூரம் போய்விட்டால் சோளமும் போகும், ஓடம் செய்யும் மரப்பட்டையும் போகும், போருக்கு ஆளும் போகும். பேச்சுவார்த்தை, பரிசுகள், இடம் தேர்வதில் விட்டுக்கொடுத்தல் எல்லாம் நடந்து, கடைசியில் அவர்கள் கோட்டைக்குத் தென்மேற்கே ஒன்றிரண்டு நாள் ஓடப் பயணத்துக்குள் உள்ள லார்ப்ர் குரோஷ் கரையில் குடியேறினார்கள். மண்ணின் தளபதி யார் என்று கேட்டால் கோட்டைக்குள் இருந்தவரைக் காட்ட முடியாது.

ஓடமும் அப்படித்தான். பிர்ச் மரப் பட்டையின் உட்புறம் வெளியே தெரியும்படி விரித்து, செடார் விலாச் சட்டங்களால் விறைப்பேற்றி, பிளந்து ஊறவைத்த ஸ்ப்ரூஸ் வேரால் தைப்பார்கள். தையல் வழியே தண்ணீர் புகாமலிருக்க மரப்பிசினை உருக்கிப் பூச வேண்டும். வெறும் பிசின் பூசினால் விடியற்காலைக் குளிரில் வெடித்து உதிரும். அதனால் கொழுப்புக் கலப்பார்கள். கொழுப்பு கூடிவிட்டால் நண்பகல் வெயிலில் இளகி வழியும். வசந்தத்தில் ஒரு பதம், நடுக்கோடையில் ஒரு பதம். ஒவ்வொரு ஓடத்திலும் பட்டைச் சுருள், வேர்க் கட்டு, பிசின் உருக்கும் பாத்திரம், தண்ணீர் ஒற்றி எடுக்கும் பஞ்சு ஆகியவை கட்டாயம். மாலையில் ஓடத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தீக்கொள்ளியை அருகே பிடித்துத் தையலைச் சரிபார்ப்பது அன்றாட வேலை. சரக்கு ஏற்றிய ஓடத்தைக் கரையில் இழுக்கவே கூடாது. நீரில் மிதக்கும்போதே ஏற்ற வேண்டும், மிதக்கும்போதே இறக்க வேண்டும். அடியில் நீளக் கழிகளைப் பரப்பி அதன் மேல்தான் பொதியை வைப்பார்கள். இல்லையென்றால் ஒரு பொதியின் மூலை பட்டையைக் கிழித்துவிடும். இந்தத் தொழில்நுட்பத்தில் ஐரோப்பியர் சேர்த்தது அளவைப் பெரிதாக்கியதும் துரோவா ரிவியேரில் பட்டறைகளை வைத்துச் செய்ததும்தான்.

பாசிமணியும் சாராயமும் என்ற கதைக்கு வருவோம். சாராயம் கேடு செய்தது. அதை யாரும் மறுக்கவில்லை. யேசு சபையினர் பாரிசு வரை புகார் அனுப்பினார்கள். ஆனால் மாண்ட்ரியால் வணிகர்களின் கணக்கேடுகள் இன்றும் இருக்கின்றன. 1715-க்குப் பின் பேரேரி நிலையங்களுக்கு அவர்கள் அனுப்பிய சரக்கின் மதிப்பில் பாதிக்கும் மேல் துணியும் போர்வையும் ஆயத்த உடையும். அடுத்து வருவது வெடிமருந்து, ஈயம், துப்பாக்கி. பாசிமணியும் மதுவும் மிகச் சிறிய பங்கு. ஈரமான தோல் உடை கனக்கும், காய்ந்தால் விறைக்கும். கம்பளி நனைந்தாலும் கதகதப்பாக இருக்கும், சீக்கிரம் காயும். வாங்கியவர்கள் ஏமாளிகள் அல்லர். நெசவு நெருக்கம், சாயம், ஓரக்கோட்டின் அகலம் வரை பார்த்துத்தான் எடுத்தார்கள். ஆங்கிலேயரின் சிவப்பு, நீல ஸ்ட்ரௌட் கம்பளி பிரெஞ்சுத் துணியைவிட நன்றாக இருந்ததால் அதைக் கேட்டார்கள். அதனால் பிரெஞ்சு வணிகர்களே ஆங்கிலேயர் ஊரான ஆல்பனியிலிருந்து அதைத் திருட்டுத்தனமாக வரவழைத்தார்கள்; அதற்கு விலையாக பீவர் தோலும் அதே திருட்டு வழியில் தெற்கே போனது.

இதற்கு மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. அந்தத் தளத்தில் 1959 முதல் ஆண்டுதோறும் கோடையில் அகழாய்வு நடக்கிறது. கிடைத்த பொருள்கள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. அவற்றில் ஈய முத்திரைகளைக் கவனிக்க வேண்டும். நாணய அளவு வட்டங்கள் இரண்டு. ஒன்றில் சிறு முளை, மற்றதில் துளை. துணியின் ஓரத்தை நடுவில் வைத்து இரண்டையும் இடுக்கியால் நசுக்கினால் பூட்டிக்கொள்ளும். மேலே நெய்த ஊர் அல்லது வணிக நிறுவனத்தின் அடையாளம் பதியும். துணி மக்கிப்போய்விட்டது, முத்திரை மிச்சமிருக்கிறது. சில முத்திரைகளின் பின்புறம் நெசவின் இழை அச்சு அப்படியே இருக்கும். அந்தத் துணி எவ்வளவு நெருக்கமாக நெய்யப்பட்டது என்று எண்ணிச் சொல்லிவிடலாம். பித்தளைக் கெண்டிகளும் அப்படித்தான். ஓட்டை விழுந்த கெண்டியை யாரும் எறியவில்லை. வெட்டிச் சுருட்டிச் சிறு கூம்புகளாக்கி உடையின் விளிம்பில் தொங்கவிட்டார்கள், நடந்தால் கலகலக்கும்.

பிரெஞ்சு வீரர்கள் வேட்டையாடினார்கள் என்பது முற்றிலும் தவறு. கோட்டையில் இருந்த படைவீரர் எண்ணிக்கை சொற்பம். வேட்டையாடியவர்கள் பழங்குடி ஆண்கள். தோலைப் பக்குவம் செய்தவர்கள் பெண்கள். இலையுதிர்காலத்தில் வணிகர் வெடிமருந்தும் ஈயமும் போர்வையும் கடனாகக் கொடுப்பார். வேட்டைக்காரர் குடும்பத்தோடு குளிர்கால முகாமுக்குப் போய் வசந்தத்தில் தோலோடு திரும்பி அடைப்பார். அந்த வணிகரே மாண்ட்ரியாலில் பெரிய வணிகரிடம் கடன் வாங்கியவர். பெரியவர் பிரான்சின் துறைமுகமான ல ரோஷெலில் உள்ள நிறுவனத்துக்குக் கடன்பட்டவர். பிரான்சில் கேட்ட சரக்கு மறு கோடையில் வந்து, அதற்கடுத்த வசந்தத்தில் ஓடமேறி, தோலாக மாறித் திரும்ப இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஒரு குளிர்காலம் பனி குறைந்தாலோ, காய்ச்சல் பரவினாலோ, போர் மூண்டாலோ இந்தச் சங்கிலி முழுதும் அறுந்துவிடும். "கொள்ளை லாபம்" என்று கட்டுரை போகிற போக்கில் சொல்கிறது. லாபம் பார்த்தவர்கள் இருந்தார்கள்; ஆனால் மாண்ட்ரியால் நோட்டரிகளின் ஏடுகளில் அடைபடாத கடன்களும் ஏராளம்.

தோலில் இரண்டு ரகம் உண்டு என்பதைக் கட்டுரை தொட்டிருக்கிறது, காரணம் சொல்லவில்லை. பீவரின் மேல்முடி நீளமானது, விறைப்பானது, தொப்பிக்கு உதவாது. அதன் அடியில் உள்ள பஞ்சு போன்ற மயிரில்தான் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன; ஒன்றோடொன்று கொளுவி, ஃபெல்ட் எனும் தொப்பித் துணி ஆகும். எடுத்தவுடன் காயவைத்தது உலர் பீவர்; அதில் மேல்முடி அப்படியே இருக்கும். மற்றது எண்ணெய்ப் பீவர். தோலின் உட்புறத்தை மெல்லியதாகச் சுரண்டி, மூளையோ மஜ்ஜையோ தேய்த்து மென்மையாக்கி, ஐந்து முதல் எட்டுத் தோலை இணைத்துப் போர்வையாகத் தைத்து, மயிர் உட்புறம் இருக்கும்படி ஓராண்டோ அதற்கும் மேலோ உடுத்தியது. சுரண்டியதில் மேல்முடியின் வேர் அறுந்து, உடுத்த உடுத்த அது உதிர்ந்துவிடும். வியர்வையும் உடல் எண்ணெயும் அடிமயிரைப் பதப்படுத்திவிடும். ஐரோப்பியத் தொப்பிக்காரர்கள் பழைய உடையைப் புதுத் தோலைவிட அதிக விலைக்கு வாங்கியதற்குக் காரணம் இதுவே.

சிக்கல் எங்கே வந்தது என்றால், தொப்பி செய்பவர்களுக்கு இரண்டு ரகமும் குறிப்பிட்ட விகிதத்தில் வேண்டும். எண்ணெய்ப் பீவருக்கு நல்ல விலை வைத்ததும் அதுவே குவிந்தது. 1690-களில் கிடங்குகளில் விற்காத தோல் மலைபோல் தேங்கியது. தேங்கிய தோல் சும்மா இருக்காது: உலர்த்தாமல் கட்டிய பொதி உள்ளே சூடேறி மயிர் கழலும், கொழுப்பு சரியாகச் சுரண்டாததில் புழு வைக்கும், அவ்வப்போது பிரித்துத் தட்டி உதறாவிட்டால் அந்துப்பூச்சி தின்றுவிடும். 1696-இல் பதினான்காம் லூயி மேற்கு நிலையங்களை மூடும்படி ஆணையிட்டார். 1681 முதல் ஆண்டுக்கு 25 என்று கொடுக்கப்பட்டு வந்த ஓட உரிமச் சீட்டுகளும் நின்றன. காகிதத்தில் நின்றன என்று சொல்வதே சரி. உரிமம் இல்லாத வணிகர்கள் காட்டிலேயே தங்கிவிட்டார்கள். 1701-இல் காடியாக் டெட்ராய்ட்டைத் தொடங்கி, நீரிணையில் இருந்த ஹியூரான் பழங்குடியினரையும் ஒடாவாக்களில் ஒரு பகுதியினரையும் அங்கே இழுத்துக்கொண்டார். வாடிக்கையாளரும் சோளமும் போன நிலையில் யேசு சபையினரும் 1705-இல் தம் இருப்பிடத்தைத் தாமே எரித்துவிட்டு வெளியேறினார்கள். அரசு உத்தரவு சாதிக்காததை ஊர் காலியானது சாதித்தது. மெஸ்குவாக்கி என்ற பழங்குடியினருக்கு எதிரான போர்களுக்குத் தளம் தேவைப்பட்டபோதுதான் 1715-இல் தென்கரையில் புதிய கோட்டை வந்தது, உரிமச் சீட்டும் திரும்பியது.

தமிழ் வாசகர்களுக்கு ஆர்வமூட்டும் ஓர் இணைப்பைக் கட்டுரை தவறவிட்டிருக்கிறது. கனடாவின் பீவர் ஏற்றுமதி ஏகபோகம் 1717-இல் தொடங்கிய மேற்குக் கம்பெனியிடம் போய், அது 1719-இல் பிரெஞ்சு இந்தியக் கம்பெனியோடு கலந்தது. புதுச்சேரியை ஆண்ட அதே கம்பெனிதான் பிறகு மாண்ட்ரியாலில் பீவருக்கு விலை நிர்ணயித்தது. மற்ற ரோமங்களை, அதாவது மார்ட்டன், ரக்கூன், கரடி, மான் தோல் ஆகியவற்றை, யார் வேண்டுமானாலும் விற்கலாம். பீவரைக் கம்பெனியிடம்தான் ஒப்படைக்க வேண்டும். ஆல்பனிக் கடத்தல் ஓயாததற்கு இந்த நிர்ணய விலை இன்னொரு காரணம். இரண்டு ஊர்களின் விதியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் திரும்பியது: 1760 செப்டம்பரில் மாண்ட்ரியால் சரணடைந்தது, 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது, அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் மிச்சிலிமாக்கினாவில் ஆங்கிலக் கொடி ஏறியது. 1763 பாரிசு உடன்படிக்கையில் புதுச்சேரி திரும்பக் கிடைத்தது, கனடா கிடைக்கவில்லை.

கோட்டைக்குள் வாழ்ந்தவர்கள் யார் என்பதற்குப் புனித அன்னாள் தேவாலயப் பதிவேடு இருக்கிறது. பிரெஞ்சு வணிகர்களுக்கும் ஒடாவா, ஒஜிப்வே பெண்களுக்கும் நடந்த திருமணங்கள், அவர்கள் பிள்ளைகளின் ஞானஸ்நானங்கள் அதில் வரிசையாக வருகின்றன. 1729-இல் அங்கே பிறந்த ஷார்ல் லாங்லாட்டின் தந்தை பிரெஞ்சு வணிகர். தாய் தொமிதில்து, ஒடாவாத் தலைவர் நிசோவாக்கேயின் சகோதரி. இத்தகைய மணம் வணிகருக்கு ஆண்டுதோறும் வந்து நிற்கும் உறவுமுறையைத் தந்தது. கடன் வசூலுக்கு அதைவிட உறுதியான பிணை இல்லை. அதே பதிவேட்டில் "பானி" என்று குறிக்கப்பட்ட பழங்குடி அடிமைகளும் இருக்கிறார்கள். நியூ பிரான்சில், அதாவது வட அமெரிக்கப் பிரெஞ்சுக் காலனியில், அவர்களையும் ஆப்பிரிக்கரையும் உடைமையாக வைத்துக்கொள்வதை 1709-இல் இன்டென்டன்ட் எனப்பட்ட நிர்வாகத் தலைவர் ரோதோ ஆணையிட்டுச் சட்டமாக்கினார். "இருதரப்பும் நட்புடன் வாழ்ந்தனர்" என்று எழுதும்போது இந்த வரிகளையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக 1763. ஜூன் 2 அன்று கோட்டை வாயிலுக்கு வெளியே ஒஜிப்வேக்களும் சாக் மக்களும் பந்தாட்டம் ஆடினார்கள்; பந்து வேலிக்குள் விழ, அதைத் தேடுவதுபோல் உள்ளே ஓடியவர்கள் பெண்கள் போர்வைக்குள் மறைத்து வைத்திருந்த ஆயுதங்களை வாங்கிக்கொண்டு கோட்டையைப் பிடித்தார்கள். இதை வஞ்சகம் என்று மட்டும் எழுதினால் காரணம் மறைந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுதோறும் கொடுத்த பரிசை அந்த மக்கள் நிலத்தில் தங்குவதற்கான வாடகையாகவும் உறவின் அடையாளமாகவும் கருதினார்கள். ஆங்கிலத் தளபதி ஆம்ஹர்ஸ்ட் அதை வீண்செலவு என்று நிறுத்தினார். வெடிமருந்து விற்பனையையும் இறுக்கினார். மருந்து இல்லையென்றால் வேட்டை இல்லை. வேட்டை இல்லையென்றால் கடனும் அடையாது, குடும்பமும் சாப்பிடாது. தாக்குதலில் ஆங்கிலப் படைவீரர்கள் கொல்லப்பட்டார்கள். உள்ளே இருந்த பிரெஞ்சுக் குடும்பங்களை யாரும் தொடவில்லை.

அதன் பின் நடந்ததைக் கட்டுரை விட்டுவிட்டது. தங்களைக் கேட்காமல் நடத்தியதற்காக ஒஜிப்வேக்கள் மீது சினம் கொண்ட லார்ப்ர் குரோஷ் ஒடாவாக்கள் வந்து, எஞ்சிய ஆங்கிலக் கைதிகளில் பலரையும் தளபதி எதரிங்டனையும் தங்கள் வசம் எடுத்துக்கொண்டு, மாண்ட்ரியாலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மாண்ட்ரியால் ஓடங்கள் வருவது நின்றால் யாருக்கு என்ன நட்டம் என்பது சோளம் விற்றவர்களுக்குத் தெரியும். 1764 செப்டம்பரில் ஆங்கிலப் படை திரும்பியது. பரிசு கொடுக்கும் வழக்கமும் திரும்பியது. துடுப்புப் போட்டவர்கள் பழைய கனடியப் பிரெஞ்சுக்காரர்களே. அவர்கள் தின்றதும் அதே சாம்பல் நீர்ச் சோளமே. 1780-81-இல் துணைநிலை ஆளுநர் பாட்ரிக் சின்க்ளேர் நிலையத்தைத் தீவுக்கு மாற்றியபோது, தேவாலயத்தைப் பிரித்துக் குளிர்காலப் பனிக்கட்டியின் மேல் இழுத்துப் போனார்கள். தீவில் கல் இருந்தது, உயரம் இருந்தது, பாதுகாப்பு இருந்தது. ஆனால் மேல்மண் மெல்லியது. சோளம் மட்டும் முன்போலவே லார்ப்ர் குரோஷிலிருந்து ஓடத்தில் வந்துகொண்டிருந்தது.

இப்படிக்கு,
வட அமெரிக்க வணிக வரலாறு பயிலும் வாசகர்கள் சிலர்